உப்பு தின்ற பைக் வயரிங்: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிப்பது எப்படி

பிரிட்டனில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, சாலை உறையப்போகிறது என்று தெரிந்தாலே உப்பு லாரிகள் கிளம்பிவிடும். அவை தூவுவது பெரும்பாலும் செஷயரின் வின்ஸ்ஃபோர்டு போன்ற சுரங்கங்களில் வெட்டியெடுக்கும் பழுப்புநிறப் பாறை உப்பு. முன்சக்கரம் அதை வாரி ஹாரன், ரெகுலேட்டர் (பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி), சைடு ஸ்டாண்டு சுவிட்ச் மீது அடிக்கிறது. பின்சக்கரம் பின் பிரேக் சுவிட்சுக்கும் மட்கார்டுக்கு அடியில் ஓடும் டெயில் லைட் வயர்களுக்கும் அடிக்கிறது.

காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துகொள்ளும். பிரிட்டிஷ் குளிர்காலத்தில் பெரும்பாலான நாட்கள் அப்படித்தான் இருக்கும். அதனால் மழையே பெய்யாமல், ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்தாலும் உப்பு படிந்த கனெக்டர் காய்வதில்லை. அதற்குள் எப்போதும் 12 வோல்ட் வந்து நிற்கும் பின் (உலோக ஊசி) ஒன்றும் பக்கத்தில் எர்த் பின் (பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) ஒன்றும் இருந்தால், இரண்டுக்கும் நடுவே உப்புநீர் வழியாக மின்சாரம் கசிந்து, பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு மெல்ல மெல்லக் கரைகிறது. இக்னிஷன் சுவிட்சுக்குப் போகும் வயர், ரெகுலேட்டரின் சிவப்பு வயர், அலாரம் வயர் ஆகியவை மற்றவற்றைவிட முன்னால் பச்சைக் களிம்பு பிடிப்பது இதனால்தான்.

பெரும்பாலான பழுதுகளில் கெட்டுப்போனது பாகம் அல்ல, இணைப்பு. ஸ்டார்ட்டர் மோட்டார், ரெகுலேட்டர், பேட்டரி என்று வரிசையாக வாங்கி மாட்டிப் பணத்தைக் கரைத்த பிறகும் பழுது அப்படியே நிற்கும். ஆகவே எதையும் வாங்குவதற்கு முன்னால் அளந்து பாருங்கள்.

முதலில் அளக்கும் முறை

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இணைப்பைச் சோதிப்பதுதான் பலரும் செய்வது. களிம்பு விஷயத்தில் அது ஏமாற்றிவிடும். மீட்டர் அனுப்பும் கரண்ட் மிகமிகச் சிறியது. 20 இழைகளில் 19 அறுந்து ஒரே இழை மிச்சமிருந்தாலும் அது 'நல்ல வயர்' என்றே காட்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் 100 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் 0.01 ஓம் கூடுதலாக இருந்தாலே 1 வோல்ட் போய்விடும். சாதாரண மீட்டரால் 0.01 ஓமைப் பார்க்கவே முடியாது.

எனவே, கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் எங்கே தொலைகிறது என்று பார்க்க வேண்டும். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். சந்தேகப்படும் இணைப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு முனையை வைத்து, அந்தப் பாகத்தை இயக்குங்கள். சுத்தமான இணைப்பு என்றால் சுழியத்தை ஒட்டிக் காட்டும். எவ்வளவு வோல்ட் காட்டுகிறதோ அவ்வளவும் அங்கே வீணாகிறது.

இன்னொரு கருவியை நீங்களே செய்துகொள்ளலாம். 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்று, ஹோல்டர், இரண்டு வயர், முனைகளில் முதலைக் கிளிப். அது சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். களிம்பு வழியாக மீட்டர் 12 வோல்ட் காட்டும் இடத்தில் இந்தப் பல்பு எரியாது. உண்மை உடனே தெரிந்துவிடும். இசியு (இன்ஜினை இயக்கும் கணினிப் பெட்டி), சென்சார் வயர்களில் மட்டும் இதை வைக்காதீர்கள், உள்ளே இருப்பது எரிந்துவிடும்.

வயரின் உறையைக் குத்தித் துளை போட்டு அளக்க வேண்டாம். அந்தத் துளை அடுத்த குளிர்காலத்தில் உப்புநீர் நுழையும் வாசல். கனெக்டரை மாட்டியபடியே வைத்து, பின்பக்கம் வயர் நுழையும் இடத்தில் மெல்லிய ஊசியை வயரை ஒட்டிச் செருகி அளங்கள்.

செல்ஃப் அடித்தால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்

முதலில் பேட்டரி. ஓட்டி நிறுத்திச் சில மணி நேரமாவது ஆனபின் 12.6 முதல் 12.8 வரை இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.4 இருந்தால் முக்கால்வாசி. 12.0 என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள். அதற்குமுன் வேறு எதைச் சோதித்தாலும் முடிவு தவறாகவே வரும்.

பிறகு மீட்டர் முனைகளைப் பேட்டரியின் ஈயக் கம்பங்கள் மீதே வையுங்கள், மேலே மாட்டியிருக்கும் வயர் முனையில் வேண்டாம். செல்ஃபை அழுத்துங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரிதான் பலவீனம். மோட்டார் சுற்றாமலேயே 12 வோல்ட்டை ஒட்டி நின்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். கரண்ட் வெளியே போக வழியில்லை என்று அர்த்தம்.

அந்தத் தடை எர்த் பக்கமா பாசிட்டிவ் பக்கமா என்பது அடுத்த கேள்வி. எர்த்தை முதலில் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில், சிவப்பு முனை இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில். செல்ஃபை அழுத்தும்போது 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5ஐத் தாண்டினால் அந்தப் பாதையில் களிம்பு. இப்போது சிவப்பு முனையை ஒவ்வொரு இணைப்பாகப் பேட்டரியை நோக்கி நகர்த்துங்கள்: இன்ஜின் போல்ட், கேபிளின் வளைய முனை, கேபிளின் மறுமுனை, பேட்டரி கிளாம்ப். எந்த இடத்தைத் தாண்டும்போது எண் சட்டென்று இறங்குகிறதோ அதுதான் குற்றவாளி. வளையமும் போல்ட்டும் பளபளவென்று இருந்தும் வோல்டேஜ் தொலைந்தால், வளையத்தின் கழுத்தில் கேபிளை நசுக்கிப் பிடித்திருக்கும் குழாய்க்குள் பாருங்கள். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே செம்பு இழைகள் பச்சைப் பொடியாகியிருக்கும். அந்த கேபிளை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

பாசிட்டிவ் பக்கம்: சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவ் கம்பத்தில், கறுப்பு முனை ஸ்டார்ட்டர் மோட்டாரின் போல்ட்டில். அழுத்துவதற்கு முன்னால் மீட்டர் 12 வோல்ட் காட்டும், அது இயல்பு. அழுத்திய கணத்தில் 0.5க்குள் இறங்க வேண்டும். இறங்காமல் நின்றால் ஸ்டார்ட்டர் ரிலேயின் (சிறு கரண்டால் பெரும் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) இரண்டு தடித்த முனைகளுக்கு நடுவே அளங்கள். அங்கே 0.3க்கு மேல் இருந்தால் ரிலேயின் உள் தொடர்பு தேய்ந்திருக்கிறது. ரிலேயை மாற்றலாம், விலையும் அதிகமில்லை.

'டக்' என்று ஒருமுறை கேட்பதற்குப் பதில் 'டகடகடக' என்று தொடர்ந்து அடித்தால், அநேகமாகப் பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது பேட்டரி கிளாம்பே தளர்ந்திருக்கிறது. ஆனால் ரிலேயை இழுக்கும் சிறிய வயர்களின் பக்கமும் ஒருமுறை பாருங்கள். ஸ்டார்ட் பட்டனுக்குள் களிம்பு ஏறினால் ரிலே காயிலுக்கு 8, 9 வோல்ட்தான் போகும். காயிலின் இரண்டு சிறிய வயர்களுக்கு நடுவே, பட்டனை அழுத்தியபடி, பேட்டரி வோல்டேஜைவிட 1 வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது.

செல்ஃப் அடித்தால் எந்தச் சத்தமும் இல்லை

சாவி போட்டதும் டேஷ்போர்டு விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் மெயின் ஃப்யூஸ். பல பைக்குகளில் 30 ஆம்பியர் மெயின் ஃப்யூஸ் ஸ்டார்ட்டர் ரிலேயின் மேலேயே, சிவப்பு வயர் கனெக்டருக்குப் பக்கத்தில் இருக்கும். ஃப்யூஸைக் கழற்றி அதன் கால்களைப் பாருங்கள். ஃப்யூஸ் நன்றாக இருந்து, கால் பதியும் இடத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் அங்கே களிம்பு சூடாகியிருக்கிறது. புது ஃப்யூஸ் மட்டும் போட்டால் சில வாரத்தில் மறுபடியும் உருகும். கனெக்டரோடு மாற்றுங்கள்.

டேஷ்போர்டு எரிந்தும் செல்ஃப் மௌனம் என்றால் பாதுகாப்பு சுவிட்சுகள்: கிளட்ச் லீவர் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச். கிளட்ச் சுவிட்சின் இரண்டு முனைகளும் பெரும்பாலும் லீவருக்கு அடியில் மூடியில்லாமல் தொங்கும். முதலில் அதையே கழற்றிச் சுத்தம் செய்து பாருங்கள்.

கியர் போட்டதும் இன்ஜின் நின்றுவிடுகிறது

ஸ்டாண்டு மேலே இருந்தும் நிற்கிறது என்றால் சைடு ஸ்டாண்டு சுவிட்ச் 'கீழே இருக்கிறது' என்று பொய் சொல்கிறது. சங்கிலி எண்ணெய், உப்பு, சேறு மூன்றும் சேரும் இடம் அது. அழுத்து பட்டன் வகை என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் பிரஷ் வைத்துக் கழுவி, ஈரம் விரட்டும் ஸ்பிரே அடித்து, பட்டன் தடையில்லாமல் உள்ளே போய் வெளியே வரும்வரை அழுத்தி விடுங்கள். மூடிய காந்த வகை என்றால் சுவிட்சுக்குள் அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. அதன் வயர் போய்ச் சேரும் கனெக்டரைத் தேடுங்கள்.

சோதிப்பதற்காக அந்தக் கனெக்டரின் முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்துப் பார்க்கலாம், சோதனை முடிந்ததும் கட்டாயம் எடுத்துவிடுங்கள். கீழே இறங்கிய ஸ்டாண்டோடு இடப்பக்கம் திரும்பினால் அது தரையில் ஊன்றி ஆளைத் தூக்கி எறியும்.

பேட்டரி அடிக்கடி இறங்கிவிடுகிறது

இதில் இரண்டு கதைகள் இருக்கலாம்: சார்ஜ் ஏறவில்லை, அல்லது ஏறிய சார்ஜ் கசிகிறது.

சார்ஜ் ஏறுவதைப் பார்க்க, நிறைந்த பேட்டரியோடு இன்ஜினை 4,000 முதல் 5,000 ஆர்பிஎம்மில் வைத்துப் பேட்டரி கம்பங்களில் அளங்கள். 13.8 முதல் 14.7 வரை வர வேண்டும். கதவு மூடிய கேரேஜில் இதைச் செய்ய வேண்டாம். புகை ஆளைக் கொல்லும். 13க்குக் கீழே நின்றால் உடனே ரெகுலேட்டரை வாங்காமல், இன்ஜின் ஓடும்போதே ரெகுலேட்டரின் வெளியேறும் பாசிட்டிவ் வயருக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவே அளங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ரெகுலேட்டர் தன் வேலையைச் செய்கிறது, வழியில் உள்ள கனெக்டர் விழுங்குகிறது. எர்த் பக்கமும் அப்படியே.

இன்ஜினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டரிலிருந்து ரெகுலேட்டருக்கு மூன்று வயர் வரும், பெரும்பாலும் மூன்றுமே மஞ்சள். அந்தக் கனெக்டரைக் கண்டிப்பாகக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு பின்னைச் சுற்றி மட்டும் தேநீர்க் கறைபோலப் பழுத்து, அந்த வயரின் உறை விறைத்து மடியாமல் நிற்கும். கணக்கு எளிது: 0.1 ஓம் களிம்பில் 15 ஆம்பியர் ஓடினால் 22.5 வாட் சூடு. ஒரு சிறிய சால்டரிங் அயர்ன் அளவுச் சூடு அந்தக் குட்டிப் பின்னுக்குள். அந்த பின்னைச் சுரண்டிப் போட்டால் மீண்டும் எரியும். சூடுபட்ட பித்தளை முனை தன் இறுக்கத்தை இழந்துவிட்டது, அதனால் வெட்டி எறிந்துவிட்டுப் புது முனை போட வேண்டும்.

கனெக்டர் நன்றாக இருந்தால் அதைக் கழற்றிய நிலையிலேயே ஸ்டேட்டரைச் சோதிக்கலாம். மூன்று வயரில் எந்த இரண்டை எடுத்தாலும் ஓம் ஒரே அளவாக, 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். எந்த வயருக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது. இன்ஜினை 5,000 ஆர்பிஎம்மில் வைத்து ஏசி வோல்ட்டில் அளந்தால் பொதுவாக 50க்கு மேல் வரும். சரியான எண் பைக்குக்கு பைக் மாறும். மூன்று ஜோடியும் ஏறக்குறைய சமமாக இருக்கிறதா என்பதே முக்கியம். அந்த நேரம் முனைகளில் விரல் படக் கூடாது.

சார்ஜ் சரியாக ஏறியும் நின்ற இடத்தில் இறங்குகிறது என்றால் கசிவு. சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் கம்பத்துக்கும் நடுவே மீட்டரைத் தொடராக வையுங்கள். முதலில் 10 ஆம்பியர் அளவில், எண் சிறியது என்று தெரிந்தபின் மில்லி ஆம்பியரில். அந்த நேரம் சாவியைப் போடவோ செல்ஃபை அழுத்தவோ கூடாது, மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். கடிகாரம், இசியு உள்ள பைக்கில் சில மில்லி ஆம்பியர் இருக்கலாம். அலாரம் இருந்தால் இன்னும் கூடும். 20 மில்லி ஆம்பியர் கசிந்தால் நாளுக்கு 0.48 ஆம்பியர்-மணி போகும். 10 ஆம்பியர்-மணி பேட்டரி பத்து நாளில் பாதியாகிவிடும். ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்தால் எண் விழுகிறதோ அந்த வழியில் தேடுங்கள். எல்லா ஃப்யூஸையும் எடுத்தும் கசிவு நிற்கவில்லை என்றால் ரெகுலேட்டர் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். அப்போது நின்றால் கசிவது ரெகுலேட்டருக்குள்ளேதான்.

பேட்டரியின் முகத்தையும் விட்டுவிடாதீர்கள். கறுப்பு முனையை நெகட்டிவ் கம்பத்தில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளாஸ்டிக் மேற்பரப்பில் மெல்ல இழுங்கள். மீட்டர் வோல்ட் காட்டினால், படிந்திருக்கும் உப்பும் ஈரமும் இரண்டு கம்பங்களுக்கும் நடுவே பாலம் போட்டிருக்கின்றன. சமையல் சோடா கரைத்த தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரில் துடைத்து உலர்த்துங்கள். ஆசிட் ஊற்றும் வகைப் பேட்டரி என்றால் சோடாத் தண்ணீர் மூடி வழியே உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெட்லைட் மங்கல், இண்டிகேட்டர் போட்டால் வேறொரு விளக்கு மினுக்குகிறது

ஒரு விளக்கைப் போட்டால் இன்னொன்று சேர்ந்து துடிக்கிறது என்றால் எர்த் கிடைக்கவில்லை. கரண்ட் தன் எர்த் வழி அடைபட்டதால் பக்கத்துப் பல்பு வழியாகத் திரும்பப் பார்க்கிறது. பல்பு ஹோல்டரின் எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே விளக்கு எரியும்போது அளங்கள்; 0.2க்கு மேல் போகக் கூடாது. முன்பக்க விளக்குகள் எல்லாமே ஒரே சமயத்தில் தடுமாறினால் ஒவ்வொரு விளக்காகக் கழற்றிக்கொண்டிருக்க வேண்டாம். பல பைக்குகளில் எர்த் வயர்கள் ஹேண்டில்பார் தண்டுக்குப் பக்கத்தில், வயர்க்கட்டின் டேப்புக்குள் ஒரே இடத்தில் சேர்த்து நசுக்கப்பட்டிருக்கும். டேப்பைப் பிரித்தால் பச்சைக் கட்டி ஒன்று கிடைக்கும்.

எச்4 வகை ஹெட்லைட் பல்பின் 55 வாட் இழை சுமார் 4.6 ஆம்பியர் எடுக்கும். சுவிட்ச், கனெக்டர், எர்த் மூன்றிலும் சேர்த்து 0.3 ஓம் ஏறினால் ஏறக்குறைய 1.4 வோல்ட் குறையும். ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். நான்கு மணிக்கே இருட்டும் டிசம்பரில் இது சின்ன விஷயம் அல்ல. பல்பு பிளக்கின் பின்பக்கம் அளந்து, பேட்டரியில் இருப்பதைவிட 0.5 வோல்ட்டுக்குமேல் குறைந்தால் வழியைத் தேடுங்கள். வாட் கூடிய பல்பு வாங்கிப் போட்டால் களிம்பு இன்னும் சூடாகுமே தவிர வெளிச்சம் வராது.

பிரேக் லைட், ஹாரன்

பின் பிரேக் சுவிட்ச் பெடலுக்கு மேலே ஸ்பிரிங்கில் தொங்கும். உப்பு ஏறினால் உள்ளே சிக்கி, லைட் எரிந்தபடியே நிற்கும் அல்லது எரியவே எரியாது. விலை குறைவு, மாற்றிவிடுங்கள். முன் லீவரில் இருப்பது மைக்ரோ சுவிட்ச். அதைச் சுத்தம் செய்யலாம், ஆனால் சிலிக்கான் ஸ்பிரே அடிக்க வேண்டாம். சுவிட்ச் திறக்கும்போது எழும் சிறு பொறியில் சிலிக்கான் எரிந்து மணல்போன்ற படலமாகி, தொடர்பையே தடுத்துவிடும்.

ஹாரன் கம்மினால் முதலில் அதன் இரண்டு முனைகளையும் சுத்தம் செய்யுங்கள். 12 வோல்ட் நேராகக் கொடுத்தும் கத்தவில்லை என்றால் உள்தகடு துருப்பிடித்திருக்கிறது. எம்ஓடி சோதனைக்கு (பிரிட்டனில் வண்டிகளுக்கு ஆண்டுதோறும் நடக்கும் தகுதிச் சோதனை) முந்திய வாரம் இவை இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஈரத்தில் இன்ஜின் அடைக்கிறது, காய்ந்தால் சரியாகிறது

ஸ்பார்க் பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் தண்ணீர் நிற்கிறது. சிலிண்டர் ஹெட்டின் பக்கவாட்டில் அந்தக் குழிக்கு ஒரு சிறு வடிகால் துளை இருக்கும். சாலை மணலும் உப்பும் அதை அடைத்துவிடும். மெல்லிய கம்பியால் குத்தித் திறந்து விடுங்கள். பிளக் கேப்பின் ரப்பர் விளிம்பு வெடித்திருந்தால் கேப்பை மாற்றுங்கள். திருகி மாட்டும் வகை என்றால் வயரின் முனையில் 5 மி.மீ. வெட்டி, பளிச்சென்ற செம்பில் திருகுங்கள். கேப்பின் தடை அதன்மேலேயே எழுதியிருக்கும், பெரும்பாலும் 5 கிலோ ஓம். அளந்தால் அதை ஒட்டி வர வேண்டும். கசிவு எங்கே என்று தெரியவில்லை என்றால் இருட்டில் இன்ஜினை ஓட விட்டுத் தண்ணீரைப் பூப்போலத் தெளியுங்கள். நீலப் பொறி ஓடும் இடம் கண்ணுக்குத் தெரியும். கையால் தொடாதீர்கள்.

ஏபிஎஸ் விளக்கு அணைய மறுக்கிறது

சாவி போட்டதும் எரிந்து, பைக் நகரத் தொடங்கியதும் அணைவதுதான் முறை. அணையவில்லை என்றால் சாதாரண பிரேக் வேலை செய்யும், சக்கரம் பூட்டாமல் காக்கும் வசதி இருக்காது; அதை நினைவில் வைத்து ஓட்டுங்கள்.

சென்சாரைக் கழற்றி நுனியைப் பாருங்கள். சில சென்சார்களின் நுனியில் காந்தம் இருக்கும். அதில் இரும்புத் துகளும் துருவும் மீசைபோல ஒட்டிக்கொண்டிருக்கும், துணியால் துடைத்தால் போதும். பிறகு சென்சார் படிக்கும் பல்சக்கர வளையம்: பள்ளங்களில் துரு அடைத்திருந்தால் பிளாஸ்டிக் பிரஷ்ஷால் எடுங்கள். சென்சார் உட்காரும் அலுமினியப் பரப்பில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது சென்சாரைச் சற்றே தூக்கி இடைவெளியைக் கூட்டிவிடும், சுரண்டிச் சமப்படுத்துங்கள். இடைவெளி பைக்கின் கையேட்டில் இருக்கும், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துச் சக்கரத்தைச் சுற்றி நான்கு இடத்திலாவது பாருங்கள். கடைசியாக, ஃபோர்க் வழியாக மேலே ஏறும் வயரின் கனெக்டர். இங்கே ஓடுவது மிகச் சிறிய சமிக்ஞை, அதனால் லேசான களிம்பே போதும். ஏபிஎஸ் யூனிட்டில் கை வைப்பது எல்லாவற்றுக்கும் பிறகுதான்.

கனெக்டரைச் சுத்தம் செய்வது

பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். கனெக்டரைப் பிரிக்கும்போது பூட்டை அமுக்கி உடலைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே பாதி தின்னப்பட்ட இழைகள் அறுந்துவிடும்.

கான்டாக்ட் கிளீனர் உப்பைக் கரைக்காது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் கரைக்காது. உப்பைக் கரைப்பது தண்ணீர் மட்டும்தான். உப்பின்மேல் ஸ்பிரே எண்ணெய் அடித்தால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். எனவே வரிசை இது:

1. பேட்டரிக்கு ஊற்றும் சுத்திகரித்த தண்ணீரால் கனெக்டரின் இரு பாதியையும் இரண்டு மூன்று முறை அலசுங்கள்.
2. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள்.
3. களிம்பை ஃபைபர்கிளாஸ் பேனாவால் தேயுங்கள். பெண் முனைக்குள் பல் இடுக்கு பிரஷ் சரியாக நுழையும். ஃபைபர்கிளாஸ் தூள் கண்ணிலும் விரலிலும் ஏறும், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.
4. மீண்டும் ஆல்கஹால், பிறகு நன்றாக உலரவிடுங்கள்.
5. உதிரியாக ஓர் ஆண் முனையை எடுத்து ஒவ்வொரு பெண் முனையிலும் செருகி இழுங்கள். பிடிப்பு இருக்க வேண்டும். தானாக வழுக்கி வந்தால் அந்த முனையை மாற்றுங்கள்.
6. மின்சாரம் கடத்தாத டைஎலெக்ட்ரிக் கிரீஸை முனைகளில் மெல்லிய படலமாகவும் ரப்பர் சீலில் சற்று தாராளமாகவும் தடவி மூடுங்கள்.

ஆறாவதில் சிலர் செம்பு கிரீஸ் தடவுவார்கள். அது பிரேக் பேடின் பின்பக்கத்துக்கும் போல்ட்டுக்கும் உரியது. பின்கள் நெருக்கமாக இருக்கும் கனெக்டரில் அதற்கு வேலையில்லை. புளிப்பு வாடை வீசும் சிலிக்கான் சீலன்ட்டால் கனெக்டரை அடைப்பதும் தவறு. அந்த வாடை அசிட்டிக் அமிலம், செம்பை அதுவே தின்னும்.

முனையின் பூச்சு போய் அடியில் உள்ள பித்தளை தெரிந்தால் சுத்தம் செய்தும் பயனில்லை, புது முனை போடுங்கள். அதற்காக வயரைச் சீவும்போது இழைகள் கறுப்பாக இருந்தால், உறைக்குள் ஈரம் ஊர்ந்து ஏறியிருக்கிறது. கறுத்த செம்பில் நசுக்கினாலும் பிடிக்காது, ஈயம் ஒட்டவும் ஒட்டாது. பளிச்சென்ற சிவப்புச் செம்பு தெரியும்வரை சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டே போங்கள். ஒரு சாண் போனாலும் தயங்க வேண்டாம். அதே தடிமனில் புது வயர் ஒட்டுப்போடலாம். விளக்குகளுக்கு 1 சதுர மி.மீ. போதும், ரெகுலேட்டருக்குப் பழையதைவிட மெலிந்த வயர் போடவே கூடாது. படகுகளுக்கு விற்கும் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

இணைப்பை ராட்செட் பிளையரால் நசுக்கி, உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் குழாயை மேலே சுருக்குங்கள். இரு முனையிலும் பசை மணியாகப் பிதுங்கினால்தான் தண்ணீர் நுழையாது. ஈயம் வைத்துப் பற்றவைத்தால், ஈயம் ஊறி நின்ற இடத்துக்கு அடுத்து வயர் விறைத்து, இன்ஜின் அதிர்வில் அங்கேயே ஒடியும். சாதாரண இன்சுலேஷன் டேப் வேண்டாம்: கோடையில் பசை இளகும், குளிரில் உள்ளே உப்புநீரைத் தேக்கும். வயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளை எங்கே கண்டாலும் வெட்டி எடுங்கள். ஹீட்டட் கிரிப் மாட்டும்போது அவற்றைப் போட்டிருப்பார்கள். உறையை வெட்டித்தான் அவை வயரைத் தொடுகின்றன, அந்த வெட்டு வழியே உப்பு உள்ளே போகிறது.

அடுத்த குளிருக்கு முன்

இந்தக் கனெக்டர் வேலையை செப்டம்பர் கடைசியில், முதல் உப்பு விழுமுன் முடித்துவிடுங்கள். பிறகு ஏசிஎஃப்-50 போன்ற அரிப்புத் தடுப்பு எண்ணெயைக் கனெக்டர்களின் வெளியிலும் வயர்க்கட்டிலும் மெல்லத் தெளியுங்கள். பிரேக் டிஸ்க், பேட், டயர் ஆகியவற்றில் ஒரு துளியும் படக் கூடாது.

உப்புச் சாலையில் ஓட்டிவந்த அன்றே குழாய்த் தண்ணீரால் மெதுவாக அலசுங்கள். இன்ஜின் ஆறிய பிறகு அலசுங்கள்: சூடான கனெக்டர்மேல் குளிர்ந்த நீர் பட்டால் உள்ளிருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உள்ளே இழுக்கும். பிரஷர் வாஷர் சீலைத் தாண்டியே அடித்துவிடும், வேண்டாம். அலசாமல் கதகதப்பான கேரேஜில் நிறுத்துவது, வெளியே குளிரில் காற்றோட்டமான உறைக்கு அடியில் நிறுத்துவதைவிட மோசம். சூடு ஏற ஏற அரிப்பும் வேகமாகும்.

சில வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் அலசி உலர்த்தி நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வையுங்கள். அலாரம் உள்ள பைக் என்றால், அதை அணைக்கும் முறையையும் காப்பீட்டின் நிபந்தனையையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் இல்லாத பின்னில் அந்தக் கசிவு அரிப்பு நடக்காது. ஆனால் உள்ளே மிச்சமிருக்கும் உப்பு வசந்தம் வந்தாலும் போகாது; ஜனவரியில் ஏறிய களிம்பு பல பைக்குகளில் மே மாதம்தான் முதல் 'டக்' சத்தமாக வெளிப்படும். ஆகவே ஏப்ரலில் உப்பு லாரிகள் நின்றதும் ஸ்டார்ட்டர் எர்த், ரெகுலேட்டர் பாசிட்டிவ், ஹெட்லைட் பிளக் மூன்றிலும் வோல்டேஜ் இழப்பை மீண்டும் அளந்து, செப்டம்பர் எண்களுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். எந்த எண் ஏறியிருக்கிறதோ அந்த இணைப்பை முதலில் பிரியுங்கள்.